டெக்கன் 8: பழைய கையோடு வருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டெக்கன் என்ற, இருவர் மோதும் சண்டை வீடியோ ஆட்டத்தின் 7-ஆம் பாகத்தில் தள்ளி நின்று, எதிராளி அவசரப்பட்டு ஒரு தப்பு செய்யும் வரை காத்திருந்து ஜெயித்தவர்கள்தான் டெக்கன் 8-ல் முதலில் அடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. பின்வாங்குகிறவருக்குச் சாதகமாக இருந்த கணக்கை, முன்னேறி வருகிறவருக்குச் சாதகமாக இந்த ஆட்டம் மாற்றி எழுதியிருக்கிறது. எந்த மாற்றத்தை எடுத்துப் பார்த்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

பெங்களூரில் நான் பார்க்கிற தமிழ் ஆட்டக்காரர்கள் இரண்டு வகை. ஒரு வகை, ஊரில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து விளையாட்டுக் கடையில் டெக்கன் 3 ஆடியவர்கள். எடி கோர்டோ என்ற ஆளை எடுத்து, இரண்டு உதை பட்டனையும் மாற்றி மாற்றிப் பிசைந்து தெருப் பசங்களை எல்லாம் அழவிட்டவர்கள். இப்போது பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒருத்தர் பிஎஸ்5 வாங்கிவிட, ஞாயிற்றுக்கிழமை மறுபடி கை துறுதுறுக்கிறது. இன்னொரு வகை, டெக்கன் 7-ஐ வருஷக்கணக்கில் ஆடி, ராங்க் ஏறி, எல்லா ஆளுடைய ஃபிரேம் கணக்கையும் மனப்பாடம் செய்தவர்கள். இந்த வழிகாட்டி இரண்டு பேருக்கும்தான். முதல் வகையினர் இரண்டாம் படியில் கொஞ்சம் நிதானமாக நடங்கள். இரண்டாம் வகையினர் அதைத் தாண்டி மூன்றாம் படிக்கே போய்விடலாம்.

வரலாறு சுருக்கமாக. டெக்கன் 1994-ல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் தொடங்கியது. 7-ஆம் பாகம் ஆர்கேடுக்கு 2015-லும், வீட்டு இயந்திரங்களுக்கும் கணினிக்கும் 2017 ஜூனிலும் வந்தது. 8 வெளியான நாள் 2024 ஜனவரி 26. நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒரே ஆட்டத்தில் ஊறிய கை என்பதால், மாற்றம் மண்டைக்குப் புரிந்த பிறகும் விரலுக்குப் புரிய நாளாகும்.

முதல் படி: இயந்திரமும் இணைப்பும்

டெக்கன் 8 பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ், கணினி ஆகியவற்றுக்கு மட்டும்தான் வந்தது. பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு வழியில்லை. கணினியில் 100 ஜிபி இடம் வேண்டும். குறைந்தபட்சமாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் என்கிறார்கள். பரிந்துரைப்பது ஆர்டிஎக்ஸ் 2070, 16 ஜிபி ராம். குறைந்தபட்சத்தில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. அதில் தடுமாற்றம் வந்தால் உங்களோடு சேர்ந்து எதிராளிக்கும் கஷ்டம். அதனால் படத்தின் அழகைக் கூசாமல் குறைத்து, 60-ஐக் காப்பாற்றுங்கள்.

டிவியில் ஆடினால் அமைப்புக்குள் போய் கேம் மோடைப் போடுங்கள். அதைப் போடாத டிவி, பட்டனை அழுத்தியதற்கும் திரையில் கை நீட்டுவதற்கும் நடுவே சில ஃபிரேம்களை விழுங்கிவிடும். அப்புறம் ‘எனக்கு ரியாக்‌ஷன் போயிடுச்சுடா, வயசாயிடுச்சு’ என்று நண்பர்கள் புலம்புவார்கள். பாதி நேரம் குற்றவாளி டிவிதான்.

இணைப்புக்கு வயர்தான். பிஜி வைஃபையில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது சண்டை ஆட்டம் ஆடுவது வீண் வேலை. எஸ்.பி. ரோடு பக்கம் போனால் நீளமான லான் கேபிள் மலிவாகக் கிடைக்கும். ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் கரண்ட் கண் சிமிட்டினாலும் மேட்ச் அறுந்து போகாது. எதிராளி வயரிலா வைஃபையிலா என்பதை ஆட்டத்துக்கு முன்பே திரை காட்டிவிடும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், கணினி மூன்றில் இருப்பவர்களும் ஒருவரோடொருவர் ஆடலாம் என்பதால், ஊரில் இருக்கும் தம்பி வேறு இயந்திரம் வைத்திருந்தாலும் கவலையில்லை.

இரண்டாம் படி: ஃபிரேம் கணக்கு, தேவையான அளவு மட்டும்

இது டெக்கன் 8-ல் வந்த மாற்றம் இல்லை. ஆனால் இது இல்லாமல் மாற்றங்கள் எதுவும் விளங்காது.

ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 60-ல் ஒரு பங்கு. எல்லாரிடமும் இருக்கும் இடக்கைக் குத்தை ஜாப் என்பார்கள். அது 10 ஃபிரேமில் படும். ஆட்டத்திலேயே வேகமான சாதா அடி அதுதான். எதிராளி உங்கள் அடியைத் தடுத்த பிறகு யார் முதலில் அசைய முடியும் என்பதுதான் பிளஸ், மைனஸ். உங்கள் அடி தடுக்கப்பட்டு மைனஸ் 10 என்றால், நீங்கள் அசைவதற்குள் எதிராளியின் ஜாப் உங்கள் மேல் விழுந்துவிடும். தப்பவே முடியாது. இதுதான் பனிஷ். மைனஸ் 15 என்றால் பெரும்பாலான ஆட்களால் உங்களைக் காற்றில் தூக்கியே அடிக்க முடியும். ஜாப்பைத் தடுத்தால் அடித்தவருக்குப் பிளஸ் 1, பட்டால் பிளஸ் 8.

உயரத்தில் மூன்று வகை: ஹை, மிட், லோ. ஹை அடி குனிந்தால் தலைக்கு மேல் போய்விடும். மிட்டை நின்று தடுக்க வேண்டும், லோவைக் குனிந்து தடுக்க வேண்டும். ஜாப் ஹை வகை என்பதை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

டெக்கன் 7-ல் இந்த எண்களைத் திரையில் காட்டும் வசதியைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். பரீட்சை எழுதச் சொல்லிவிட்டுப் பாடப்புத்தகத்தைப் பூட்டி வைத்த கதை அது. 8-ல் பயிற்சி அறையிலேயே இலவசமாக இருக்கிறது.

மூன்றாம் படி: ஹீட்

இந்தப் பாகத்தின் உயிர்நாடி இதுதான். உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

ஹீட் என்பது சில நொடிகளுக்கு உங்கள் ஆளின் தாக்குதல் வலுக்கும் நிலை. ஒவ்வொரு ரவுண்டிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை அது கிடைக்கும். பயன்படுத்தாமல் விட்டால் அடுத்த ரவுண்டுக்குச் சேர்ந்து வராது. அதனால் பத்திரமாக மடியில் கட்டி வைத்துத் தோற்பதைப் போல ஒரு வீண் வேலை கிடையாது. ஹீட் நிலைக்குள் போனதும் லைஃப் பட்டைக்குக் கீழே ஒரு நேரப் பட்டை ஓடத் தொடங்கும். அந்தச் சில நொடிகளில் உங்கள் பல அடிகள், எதிராளி தடுத்தாலும், கொஞ்சம் லைஃபைக் கழிக்கும். கபடியில் பாடிப் போகிறவனுக்கு மூச்சு இருக்கும் வரைதான் எதிர்க்களத்தில் வேலை என்பது மாதிரி, பட்டை தீர்வதற்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

உள்ளே போக இரண்டு வாசல்.

முதல் வாசல் ஹீட் பர்ஸ்ட். வலக்கைக் குத்தும் இடக்கால் உதையும் சேர்ந்த பட்டன். பிஎஸ்5-ல் ஆர்1 ஒன்றே போதும். 16 ஃபிரேமில் வரும் மிட் அடி. நடுவில் எதிராளியின் ஹை, மிட் அடி விழுந்தாலும் அதைத் தாங்கிக்கொண்டு வெளியே வரும். தடுத்தாலும் உங்களுக்குப் பிளஸ் 1. பட்டாலும் தடுத்தாலும் ஹீட் உறுதி என்பதால் புதியவர்கள் இதையே நம்பியிருப்பார்கள். தவறில்லை. ஆனால் இந்த வழியில் போனால் ஹீட் நேரம் குறைவு.

இரண்டாவது வாசல் ஹீட் என்கேஜர். ஒவ்வொரு ஆளுக்கும் குறிப்பிட்ட சில அடிகளுக்கு இந்தத் தகுதி உண்டு. அந்த அடி எதிராளி மேல் பட்டால் மட்டும் ஹீட் தொடங்கும், தடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. பட்டுவிட்டால் உங்கள் ஆள் தானாகவே முன்னால் பாய்ந்து, எதிராளியின் மூக்குக்கு முன்னே பெரிய பிளஸ்ஸில் போய் நிற்பார். நேரமும் அதிகம். ஆகவே உங்கள் ஆளின் பட்டியலைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது கோம்போ (விடாமல் விழும் தொடர் அடி) அல்ல, ஹீட் என்கேஜர் எவை என்பதுதான். அவற்றில் எது வேகமானது, எது தூரத்தில் எட்டுகிறது, எது தடுத்தாலும் அடி விழாமல் தப்பவிடும் என்று மூன்று கேள்வி கேட்டு, இரண்டைப் பொறுக்கிக் கையில் ஏற்றுங்கள். மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனவர் வெளியே வரவும் இரண்டு வழி உண்டு.

ஹீட் ஸ்மாஷ் என்றால், ஹீட்டில் இருக்கும்போது அதே ஆர்1-ஐ மறுபடி அழுத்துவது. பெரிய அடி, பெரிய சேதம், ஹீட் அத்தோடு முடியும். இது ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும். சிலருடையது தடுத்தாலும் அவர்களுக்கே சாதகம், சிலருடையதைத் தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்கலாம். அடிக்கடி எதிரே வரும் ஆட்களுடையதையாவது பயிற்சி அறையில் பார்த்து வையுங்கள்.

ஹீட் டாஷ் என்றால், ஹீட்டில் இருக்கும்போது ஒரு ஹீட் என்கேஜர் அடியை அடித்து, அது போய்ச் சேரும் நேரத்தில் முன் பக்கம் அழுத்திப் பிடிப்பது. மிச்ச ஹீட் முழுவதையும் செலவழித்து ஆள் முன்னே பாய்வார். அடி பட்டிருந்தால் எதிராளி காற்றில் எழும்புவார், கோம்போ போடலாம். தடுத்திருந்தால் உங்களுக்குப் பிளஸ் 5.

அந்தப் பிளஸ் 5 என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிராளியின் ஜாப்புக்கு 10 ஃபிரேம். ஆனால் அவர் உங்களைவிட 5 ஃபிரேம் தாமதமாகத்தான் அசைய முடியும், ஆக அது 15-ஆவது ஃபிரேமில்தான் வரும். உங்களிடம் இருக்கும் 14 ஃபிரேம் வரையிலான எந்த அடியும் அதற்கு முன்னால் விழும். அதாவது ஆட்டத்திலேயே வேகமான சாதா அடிகூட அவருக்கு அந்த நொடியில் உதவாது. அவர் தடுத்தாக வேண்டும். தடுத்தே தீர வேண்டியவரிடம்தான் லோவும் பிடியும் (ஆளைப் பிடித்து எறிவது) வேலை செய்யும். தடுக்கப்பட்ட ஒரே அடியிலிருந்து இவ்வளவு கிடைப்பது டெக்கன் 7 ஆட்டக்காரருக்கு அநியாயமாகத் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள்.

இதற்கு மேல், ஹீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிச் சலுகை உண்டு. லா நுஞ்சாக்குவை எடுத்துவிடுவார். கசுயா டெவில் வடிவ அடிகளைக் கொண்டுவருவார். யோஷிமிட்சு அடிக்க அடிக்க உங்கள் லைஃபைத் தன் கணக்கில் வரவு வைப்பார். சிலரிடம் ஹீட் நேரத்தை ஓரளவு திரும்ப நிரப்பும் அடிகளும் இருக்கின்றன. 2024-ல் வெளியானபோதே 32 ஆட்கள். எல்லாருடையதையும் ஒரே மூச்சில் படிக்க உட்கார்ந்தால் வேலையை விட வேண்டிவரும்.

நான்காம் படி: ஹீட்டை எப்போது செலவழிப்பது

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கோம்போ அழகாகப் போடுகிறவர்கள் பலர் உண்டு. ஜெயிக்கிறவர்கள் ஹீட்டைச் சரியான நேரத்தில் திறக்கிறவர்கள். என் கணிப்பில் நல்ல நேரங்கள் மூன்று.

ரவுண்டின் தொடக்கத்திலேயே என்கேஜர் பட்டுவிட்டால், யோசிக்காமல் அழுத்தத்தைத் தொடருங்கள். எதிராளியிடம் அவருடைய ஹீட் இன்னும் இருக்கிறது, அவர் பர்ஸ்ட்டால் பதில் சொல்லக்கூடும் என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

எதிராளியின் முதுகில் சுவர் இருக்கும்போது ஹீட்டின் மதிப்பு இரட்டிப்பாகும். பின்னால் போக அவருக்கு இடம் இல்லை. தடுக்கிற ஒவ்வொரு அடியும் அவர் லைஃபைச் சுரண்டும்.

மூன்றாவது, ஒரே கோம்போவில் ரவுண்டு முடியும் என்கிற நிலை. காற்றில் இருக்கும் எதிராளி மீதே ஹீட் பர்ஸ்ட் போட்டுக் கோம்போவை நீட்டலாம். கூடுதலாகக் கிடைக்கும் சேதம் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ரவுண்டு முடியும் என்றால் தாராளமாகப் போடுங்கள். முடியாது என்றால் தொடாதீர்கள். காட்சிக்காக ஹீட்டைக் கோம்போவில் கரைத்துவிட்டு, மிச்ச ரவுண்டு முழுக்க வெறுங்கையோடு நிற்பவர்களை ராங்க்டில் (இணையத் தரவரிசை ஆட்டத்தில்) எந்நேரமும் பார்க்கலாம்.

ஹீட் டாஷா, ஸ்மாஷா என்றால், எதிராளி தடுப்பதில் கெட்டிக்காரர் என்றால் டாஷ், பட்டனை விடாமல் அழுத்துகிறவர் என்றால் ஸ்மாஷ். இதற்கு விலக்குகள் உண்டு, தொடங்குவதற்கு இது போதும்.

ஐந்தாம் படி: எதிராளி ஹீட்டில் இருக்கும்போது

இங்கேதான் பழைய ஆட்டக்காரர்கள் உடைந்து போகிறார்கள்.

முதலில் லைஃப் பட்டையை வேறு கண்ணோடு பாருங்கள். அடி வாங்கியதும் பட்டையில் ஒரு பகுதி வெளிறிப்போய் நிற்கும். அது போன லைஃப் இல்லை, மீட்கக்கூடிய லைஃப். ஹீட் அடிகளைத் தடுத்தபோது கழிந்தது, அடியைத் தாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கும் பவர் க்ரஷ்ஷின்போது வாங்கியது, காற்றில் தூக்கி அடித்த கோம்போவில் ஒரு பங்கு எல்லாம் அந்த வெளிறிய கணக்கில் சேரும். அதை மீட்க ஒரே வழி திருப்பி அடிப்பதுதான். எதிராளி தடுத்தாலும் கொஞ்சம் மீளும். மூலையில் சுருண்டு கிடந்தால் ஒரு துளியும் வராது. தடுப்பாட்டக்காரரை ஆட்டம் எப்படிப் பிடித்து முன்னே தள்ளுகிறது என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

எனவே எதிராளியின் ஹீட் நேரத்தில் தடுத்து நின்று கொஞ்சம் லைஃப் கழிந்தால் பதறாதீர்கள். அதில் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்ப வரவேண்டியது. பதறி ஜாப் அடித்து, அவருடைய பெரிய அடியில் சிக்கிக் காற்றில் பறப்பதுதான் உண்மையான இழப்பு.

ஹீட் பர்ஸ்ட்டைத் தடுத்துவிட்டீர்கள், உங்களுக்கு மைனஸ் 1. இருவரும் ஜாப் அடித்தால் அவருடையது ஒரு ஃபிரேம் முந்தும். ஆனால் ஜாப் ஹை அல்லவா? அவர் பர்ஸ்ட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜாப் அடிக்கிறவர் என்று தெரிந்தால் குனிந்து, எழும்போதே அடியுங்கள். இரண்டு முறை இதை வாங்கியவர் மூன்றாவது முறை மிட்டுக்கு மாறுவார். அப்போது நின்று தடுங்கள். மைனஸ் 1-ல் பக்கவாட்டில் நகரவும் முடியும். இங்கே நடப்பது சரிசமமான ஆட்டம்தான். ஹீட் எழும்பும்போது வரும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்துத்தான் நாம் ஏதோ பெரிதாக இழந்த மாதிரி உணர்கிறோம்.

ஹீட் டாஷைத் தடுத்துவிட்டீர்கள், மைனஸ் 5. இங்கே பட்டனைத் தொடாதீர்கள். ஆனால் ஒரு நல்ல செய்தி, அவருடைய ஹீட் அதோடு காலி. நீங்கள் தாண்ட வேண்டியது ஒரே ஒரு ஊகம்தான்: மிட்டா, லோவா, பிடியா? மிட்டைத் தடுப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரிய சேதம் அங்கிருந்துதான் வரும். லோவையும் பிடியையும் எப்போதாவது வாங்கிக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால் உங்களிடம் ஹீட் இருக்கிறது, அவரிடம் இல்லை. இப்போது உங்கள் முறை.

எதிராளி பர்ஸ்ட் போடப்போகிறார் என்று மூக்கில் வியர்த்தால், அதை முறியடிக்கும் மருந்து லோவும் பிடியும். பவர் க்ரஷ்ஷும் பர்ஸ்ட்டும் ஹை, மிட் அடிகளைத்தான் தாங்கும். சுவரில் ஒட்டி நிற்கிற, லைஃப் குறைந்த, ஹீட்டைத் தொடாமல் வைத்திருக்கிற ஆள் அடுத்து என்ன செய்வார் என்பதற்குப் பெரிய ஜோசியம் தேவையில்லை. ஒரு நொடி கையைக் கட்டிக்கொண்டு தடுத்துப் பாருங்கள், அல்லது ஓடிப்போய்ப் பிடியுங்கள்.

ஆறாம் படி: கோம்போ

டெக்கன் 7-ன் ஸ்க்ரூவுக்குப் பதில் 8-ல் டொர்னேடோ. வேலை கிட்டத்தட்ட ஒன்றே: காற்றில் இருப்பவரைச் சுழற்றிக் கீழே தள்ளி, ஓடிப்போய் மேலும் அடிக்க நேரம் தருவது. ஸ்க்ரூவைச் சுவரோரத்தில் பயன்படுத்த முடியாது. டொர்னேடோ அங்கேயும் வேலை செய்யும். அதனால் சுவர் கோம்போக்களின் வடிவமே மாறிவிட்டது. பழைய சுவர் கோம்போவைக் கை தானாகப் போட்டால் நிறுத்திவிட்டுப் புதிதாகப் படியுங்கள்.

ஒரு ஆளுக்கு மூன்று கோம்போ போதும். 15 ஃபிரேம் பனிஷ்ஷில் தொடங்குவது ஒன்று, ஹீட் டாஷில் தொடங்குவது ஒன்று, சுவரில் முடிப்பது ஒன்று. மூன்றையும் இரண்டு பக்கத்திலிருந்தும் போட வர வேண்டும். வலப்பக்கம் நின்றால் கை வராத ஆட்கள் ரொம்பப் பேர். சேதம் அதிகமான கோம்போவைவிட, பத்துக்கு ஒன்பது முறை தவறாமல் வரும் கோம்போ நல்லது. யூட்யூபில் வரும் எண்பது சேதக் கோம்போக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதைப் போடுகிறவருக்கு வேறு வேலை இல்லை.

தளங்களில் சுவர் உடைவது, தரை உடைவது, பால்கனி உடைந்து கீழே விழுவது என்று பழையவை உண்டு. வெடித்து எதிராளியைத் திரும்பத் துள்ளவைக்கும் சுவர் புதிது. ஆடிப் பழகும்போது தானாகக் கண்ணில் படும்.

ஏழாம் படி: ரேஜ்

லைஃப் கால் பங்குக்குக் கீழே போனால் ரேஜ் வரும். அப்போது ரேஜ் ஆர்ட் என்ற பெரிய அடியை அடிக்கலாம், பிஎஸ்5-ல் ஆர்2. டெக்கன் 7-ல் இருந்த ரேஜ் டிரைவ் இப்போது இல்லை. ரேஜ் ஆர்ட்டைத் தடுத்தால் அடித்தவருக்கு மைனஸ் 15. தடுத்ததும் தூக்கி அடித்து ரவுண்டை முடித்துவிடலாம். லைஃப் சிவந்த ஆள் முன்னால் ஒரு நொடி சும்மா நின்று பாருங்கள், பத்தில் ஐந்து பேர் தாங்களே மாட்டிக்கொள்வார்கள்.

எட்டாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

டெக்கன் 3-லிருந்து நேராக வருபவர்களுக்கு ஜின், ஸியாவ்யூ, ஹ்வொராங் எல்லாரும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். உங்கள் எடி மட்டும் 2024 ஏப்ரலில் தனிக் காசுக்கு வந்தார். அவரை வாங்கிப் பழைய மாதிரி உதைகளைப் பிசைந்தால் முதல் சில நாள் ஜெயிப்பீர்கள். தடுக்கத் தெரிந்த ஒருவர் எதிரே வந்ததும் நின்றுபோகும்.

என் பரிந்துரை லா அல்லது பால். இருவருடைய நோக்கமும் பார்த்த உடனே புரியும், ஹீட்டில் என்ன மாறுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். பிடிகளில் ஆசை இருந்தால் கிங். புதிதாக வந்த மூவரில் ரெய்னா கவர்ச்சியானவர்தான், ஆனால் மிஷிமா குடும்பத்து அடிகள் கைக்கு வர உழைப்பு வேண்டும். கசுயாவுக்கும் அதே எச்சரிக்கை. முன், நடு, கீழ், கீழ்-முன் என்று சுற்றி அந்த மின்னல் குத்து வருவதற்குள் உங்கள் கட்டைவிரல் உங்களைத் திட்டும். இரவில் அதைப் பழகினால் கீழ்வீட்டு ஓனர் அம்மாவும் திட்டுவார்.

ஆடவே தெரியாத நண்பர் வந்தால் ஸ்பெஷல் ஸ்டைல் இருக்கிறது. எல்1 அழுத்தினால் ஒற்றைப் பட்டனில் கோம்போ, ஹீட் அடி எல்லாம் வரும். சண்டையின் நடுவிலேயே போடவும் எடுக்கவும் முடியும். நாலு பேரில் ஒருத்தருக்கு மட்டும் ஆடத் தெரிந்தால் அந்த ஞாயிறு ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும், ஆகவே இதை ஏளனம் செய்யாதீர்கள். ஆனால் அடிகளில் பெரும்பகுதி அதில் வராது என்பதால் நீங்களே அதில் தங்கிவிடாதீர்கள். இன்னும் மெதுவாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஆர்கேட் குவெஸ்ட் பகுதி கதை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும். டெக்கன் 3-ன் டெக்கன் பால் என்ற பந்தாட்டமும் திரும்ப வந்திருக்கிறது. அதைத் திறந்தால் அன்றைக்குப் பயிற்சி நடக்காது.

ஒன்பதாம் படி: பயிற்சி முறை

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறங்கள். டெக்கன் 8-ல் ரீப்ளேயின் நடுவில் நிறுத்தி, கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, அந்த நொடியிலிருந்து நீங்களே ஆடிப் பார்க்கலாம். எந்த அடியைத் தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்காமல் விட்டீர்கள் என்பதையும் அது குறிப்பு போட்டுக் காட்டும். நான்கு வருஷம் மன்றங்களில் கேட்டு அறிந்ததை இப்போது இயந்திரமே சொல்லிவிடுகிறது. இந்தப் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஹீட் இல்லை, இதுதான்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கிங்குடைய அந்த லோவைத் தடுத்த பிறகு என்ன செய்வது?’ என்பது போல ஒரு கேள்வி. பயிற்சி அறையில் பொம்மைக்கு அந்த அடியைப் பதிவு செய்து, தடுத்து, திருப்பி அடித்துப் பாருங்கள். பனிஷ்ஷுக்கென்றே தனிப் பயிற்சிப் பகுதியும் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்தவருக்கு இதற்கு மேல் தெம்பு இருக்காது, தேவையும் இல்லை.

கோஸ்ட் என்று ஒன்று உண்டு: நீங்கள் ஆடும் விதத்தைக் கற்றுக்கொண்டு உங்களைப் போலவே ஆடும் நிழல். நண்பர்கள் யாரும் இல்லாத இரவில் உங்கள் கோஸ்ட்டோடு நீங்களே மோதுங்கள். எந்தத் தூரத்தில் எந்த அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறீர்கள் என்பது முகத்தில் அடித்த மாதிரி தெரியும்.

பத்தாம் படி: சீசன் மாற்றங்கள்

இந்த ஆட்டம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் இரண்டாம் சீசனின் பெரிய புதுப்பிப்பு வந்தபோது தடுப்பாட்டத்துக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வந்தது நேரெதிர், தாக்குகிறவர் கை மேலும் ஓங்கியது. உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீமில் எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன, ஆட்டத்தின் நிறுவனமான பண்டாய் நாம்கோ அவசரமாகத் திருத்தங்களை வெளியிட வேண்டிவந்தது. என் கருத்தில் கோபம் நியாயமானதுதான். முன்னேறி ஆடு என்று சொல்வது வேறு, தடுத்தவருக்கு யோசிக்கவே இடம் தராமல் இருப்பது வேறு.

ஆகவே ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்குப் பிறகும் ராங்க்டுக்கு ஓடாமல் முதலில் பயிற்சி அறைக்குப் போங்கள். உங்கள் ஆளின் ஹீட் என்கேஜர் பட்டியல் அப்படியே இருக்கிறதா, ஹீட் ஸ்மாஷ் தடுத்த பிறகு எண் என்ன, உங்கள் மூன்று கோம்போவும் இன்னும் விழுகின்றனவா என்று பாருங்கள். மூன்றாவதில் ஏதாவது நழுவினால், பெரும்பாலும் டொர்னேடோவுக்கு முந்தைய ஒரு அடியை மாற்றினாலே சரியாகிவிடும். முழுக் கோம்போவையும் தூக்கிப் போட வேண்டியிருக்காது. இது முடிந்த பிறகு ராங்க்டில் இறங்கலாம். புதுப்பிப்பு வந்த முதல் வாரம் எல்லாருமே தடுமாறிக்கொண்டிருப்பார்கள், எண்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ராங்க் ஏற அதுதான் தோதான வாரம்.